வைத்துவிட்டுப் போன திருடன்

"என்ன திருட்டுப் போச்சு?"

"கம்ப்யூட்டர்ல இருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு."

"சரி. வேற?"

"அந்த இடத்துல ஒரு புது கிராபிக்ஸ் கார்டு இருக்கு."

சிவனணைந்தபெருமாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். குற்றப்பிரிவு ஏட்டாகப் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆடு திருடியவன், அண்டா திருடியவன், கோயில் உண்டியலுக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டு விடியும்வரை சாமி முன்னால் நின்றவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போகிற திருடனைத் தென்காசி வட்டாரம் இதுவரை பெற்றெடுக்கவில்லை.

"போலீசுக்குப் போகலியா அய்யா?"

"போனா சிரிப்பானுவ. அதனாலதான் உம்மை வரச்சொன்னேன் வேய்."

அதாவது, நீர் சிரிக்கிற நிலைமையில் இல்லை என்று அர்த்தம். பெருமாள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ரத வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே 'பெருமாள் சர்வதேசத் துப்பறியும் நிறுவனம்' என்று போர்டு மாட்டியவர் அவர். சர்வதேசம் இதுவரை கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டியதில்லை.

எதிரே, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் குற்றாலீஸ்வரன். ஓய்வு பெற்ற தாசில்தார். வேலைதான் ஓய்வு பெற்றது, தாசில்தார் பெறவில்லை. மேலகரத்தில் அவர் வீட்டு கேட்டைவிடப் பெயர்ப்பலகை பெரியது. சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தார். முன்னுரை முடிந்துவிட்டது, இன்னும் பிறக்கவில்லை. எழுத வசதியாக இருக்கட்டும் என்று முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு புது மானிட்டர் வாங்கி மேசையில் நிறுத்தியிருந்தார். ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு அவ்வளவு பெரிய திரையா என்று கேட்டால், வாழ்க்கை அவ்வளவு பெரியது என்று பதில் வைத்திருப்பவர்.

"மானிட்டர் புதுசு. கம்ப்யூட்டர் பழசு. பழைய கார்டு ஈடுகொடுக்கலை. மவுஸ் அம்பு விசுவநாதர் தேர் மாதிரி ஆடி ஆடி வந்தது. எழுத்து ஒவ்வொண்ணும் எறும்பு. அருவிக்குக் குளிக்கப் போயிட்டு வந்து பாக்கேன், அம்பு பறக்குது. எழுத்து யானை மாதிரி நிக்குது."

"அருவியில குளிச்சா கண்ணு தெளியும்னு சொல்லுவாவ," என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

மேசைக்குக் கீழே கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவள் சந்தனமாரி. சர்வதேச நிறுவனத்தின் இன்னொரு ஊழியர். ஹார்டுவேர் படித்தவள். கம்ப்யூட்டரைப் பிரிக்கிற அதே சுலபத்தில் பெருமாளையும் பிரித்துப் போடக் கூடியவள்.

பெருமாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்று வந்தார். "இது வெளிநாட்டுச் சதி. புதுக் கார்டு மூலமா அய்யாவோட ரகசியங்களை உறிஞ்சுதான்."

"பட்டா மாறுதலுக்கு எத்தனை தடவை அலையணும்னு தெரிஞ்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரன் என்ன செய்யப்போறான் அண்ணாச்சி? இங்கன வந்து பாருங்க. இந்தக் கார்டுல காத்தாடி இல்ல."

"பழுதா?"

"இல்ல. சூட்டைத் தணிக்க எல்லாக் கார்டுலயும் ஒரு குட்டிக் காத்தாடி ஓடும், உய்ங்னு சத்தம் போடும். இதுல வெறும் அலுமினியச் சீப்பு மட்டும். காத்தாடி வச்சதுன்னா எந்தக் கடையிலயும் கெடைக்கும். இந்த மாதிரியை மெனக்கெட்டுத் தேடணும்." அவள் தலையை வெளியே நீட்டினாள். "அய்யாவுக்குச் சத்தம் ஆகாதோ?"

"மிக்சி ஓடினாலே என் மண்டைக்குள்ள ஓடும்."

"திருடனுக்கு அது தெரிஞ்சிருக்கு. கார்டை வாங்கும்போது மானிட்டரை மட்டும் அளக்கலை, உங்க கோபத்தையும் அளந்திருக்கான்."

தாசில்தார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெருமாளும் சும்மா இருக்கவில்லை. மானிட்டரின் கீழ் ஓரத்தில், விளக்கு எரிய வேண்டிய இடத்தில், ஒரு அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க யாரோ செய்த வேலை. "பெண் கைவரிசை!" என்று முழங்கினார். "வீட்டுல பொம்பளை யாரு?"

"யாருமில்ல. எம் பொண்டாட்டி தங்கத்தாய் தவறி ரெண்டு வருசமாச்சு."

சுவரில் தங்கத்தாய் மாலையோடு இருந்தாள். கண்ணாடியைத் துடைத்து நாளாகவில்லை. நெற்றியில், கண்ணாடிக்கு மேலாக, அதே அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"அப்ப ஆச்சிக்குப் பொட்டு வச்சது யாரு? நீங்களா?" என்றாள் மாரி.

"காத்துல பறந்து வந்து ஒட்டியிருக்கும்."

ஒரு தாசில்தார் அப்படிச் சொன்னால் அப்படித்தான். பெருமாள் எழுதிக்கொண்டார். கேட்டில் மூன்று பூட்டு தொங்கியது, எதுவும் உடைபடவில்லை. சாவியைப் பற்றிக் கேட்டார்.

"இடுப்புல இருக்கும். சனிக்கிழமை ஐந்தருவிக்கு எண்ணெய்க் குளியலுக்குப் போகும்போது மட்டும் மீட்டர் பெட்டிக்குள்ள வச்சிட்டுப் போவேன். தண்ணியில விழுந்திரும்லா."

சாப்பாட்டு மேசையில் ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலம் கட்டின சணல் அவிழாமல் இருந்தது. எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. வீணாகப் போகிறதே என்ற பொது நன்மை உணர்ச்சியில் பெருமாள் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதேயும் வேய்!"

அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் தாசில்தார் இல்லை. யாரோ ஒரு வயசாளியின் குரல். அவரே அதைக் கேட்டுவிட்டவர்போல் தொண்டையைச் செருமினார். "ஆளைக் கண்டுபிடிச்சா இழுத்துக்கிட்டு வரவேண்டாம். இப்ப எங்க இருக்கு, ஏன் வர…" நிறுத்தினார். "ஏன் வந்ததுன்னு கேட்டுட்டு வாரும். அது போதும்."

மாரி கார்டைக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர். சாரல் கம்ப்யூட்டர்ஸ், ஐந்தருவி சாலை, குற்றாலம்.

"பிழைச்சோம் அண்ணாச்சி," என்றாள். "திருடன் வாரண்டியோட திருடியிருக்கான்."

*

குற்றாலத்தில் சாரல் நின்று பெய்தது. பெருமாளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மாரி குடை பிடித்தாள். குடை அவளுக்கு, சாரல் அவருக்கு.

சாரல் கம்ப்யூட்டர்ஸில் ஷட்டர் இறங்கியிருந்தது. 'கடை வாடகைக்கு' என்று மேலே சாக்பீஸில் எழுத்து. பக்கத்தில் மங்குஸ்தானைக் கூறு கட்டிக்கொண்டிருந்த வடிவம்மாளிடம் பெருமாள் தன் அடையாள அட்டையை நீட்டினார். தானே வடிவமைத்து, தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டது.

"ரேஷன் கார்டா?" என்றாள் அவள்.

"துப்பறியும் நிறுவனம்!"

"அதுக்கு ஏன் இப்பிடி நனையுதிய? இந்தக் கடை நம்ம புவனேஷ் கடை. காலி பண்ணிட்டான். அவங்க அப்பன் நாறும்பூநாதன் ஐந்தருவிகிட்ட எண்ணெய் தேய்க்காரு. அங்கன போய்க் கேளுங்க. சும்மா நின்னு பேசமாட்டாரு. படுத்தாத்தான் பேசுவாரு."

"யாரு படுத்தா?"

"நீங்கதான்."

*

துப்பறியும் உலகில் விசாரணைக்கென்று ஒரு கம்பீரம் உண்டு. விளக்கை முகத்தில் அடிப்பார்கள், மேசையைத் தட்டுவார்கள். சிவனணைந்தபெருமாள் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பலகையில் குப்புறப் படுத்து, முதுகு முழுக்க எண்ணெயோடு விசாரித்தார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், முதுகைத் திருப்பிக்கொண்டு, மாரி குடையோடு நின்றாள். மழைச் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பது கேட்டது.

"சார் உடம்புல நெறைய வாய்வு," என்றார் நாறும்பூநாதன். ஆள் ஒல்லி, கை உலக்கை.

"அது எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்," என்றது தார்ப்பாய்.

"சும்மா கிடட்டி! ஓய், மேலகரம் தாசில்தாரைத் தெரியுமா உமக்கு?"

"தெரியாம? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எங்கிட்டதான் வருவாவ. நல்ல தேகம். தோள்பட்டையில மட்டும் முறுக்கு அவுரவே அவுராது."

"உம்ம மகன் கடையில வாங்கின கார்டு ஒண்ணு அவரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

முதுகில் ஓடிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

பெருமாளுக்குப் பலகைதான் தெரிந்தது, பலகைக்குக் கீழே ஓடும் எண்ணெய்த் தண்ணீர் தெரிந்தது. நாறும்பூநாதன் முகம் தெரியவில்லை. முகங்களை வைத்தே பிழைத்தவருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டு உள்ளங்கைகள் வாக்குமூலம் கொடுத்தன.

"அதைத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லுதாவளா?"

"இல்ல. வச்சது யாருன்னு கேக்காரு."

"அவுக மகதான் சார். அபி. எனக்கு மருமக."

பெருமாள் எழுந்திருக்கப் பார்த்தார். "எந்திரிக்காதிய, எண்ணெய் கண்ணுல போயிரும்," என்று கைகள் அழுத்தின. நாறும்பூநாதனுக்கு அவர் எழுந்திருப்பது வேண்டாம் போலிருந்தது. மறுபடி தேய்க்கத் தொடங்கினார். தேய்த்துக்கொண்டே பேசினார்.

"எம் மகனும் அந்தப் பிள்ளையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாவ. எண்ணெய் தேய்க்கவன் வீட்டுக்கு எம் மக போவாளான்னு தாசில்தார் அன்னைக்கு நிறுத்தின பேச்சு. ஆனா நான் யாருன்னு அவுகளுக்குத் தெரியாது. எல்லாச் சனிக்கிழமையும் எங்கிட்டயே வந்து படுப்பாவ. அந்த நேரத்துல இந்தப் பிள்ளை அங்கன போகும். அம்மா போட்டோவைத் தொடைக்கும், அப்பா வேட்டியை மடிச்சு வைக்கும், அது படிச்ச காலத்துக் கம்ப்யூட்டர் முன்னால செத்த நேரம் உக்காரும். நான் இங்கன இழுத்து இழுத்துத் தேய்ப்பேன் சார். ஒரு மணி நேரத்து வேலையை ரெண்டு மணி நேரம் ஆக்குவேன். அந்தப் பிள்ளைக்கு நேரம் கெடைக்கட்டுமேன்னு."

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்று வெகு நேரமாகியிருந்தது.

"கார்டு எதுக்கு மாமா வச்சாவ?" மாரியின் குரல்.

"அப்பா பெரிய டிவி மாதிரி ஒண்ணு வாங்கியிருக்காவ, கண்ணு மங்கிட்டு போலிருக்கு, அந்தப் பழைய கார்டை வச்சிக்கிட்டு எப்பிடிப் பாப்பாவன்னு அழுதா. கடையைக் காலி பண்ணுத நேரம். அவனும் இவளும் சேந்து தேடி வரவழைச்சாவ. சத்தம் வராததா வேணும்னு."

"இப்ப அபி எங்க?"

"கனடா. புவனேசுக்கு அங்கன வேலை. திருவனந்தபுரத்துல ஏத்திவிட்டுட்டு வந்தேன். கார்டு வச்ச அடுத்த சனிக்கிழமை, கெளம்புததுக்கு முந்தி, அப்பாவை ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டுப் போயிரணும்னுதான் போச்சு. அவுக வீட்டுக்கு வந்து சேருத நேரம் வரைக்கும் இருந்து, கால்ல விழுந்திரணும்னு. தெருமுனையில இருந்தே திரும்பி வந்திட்டு."

"ஏன்?"

"கேட்டுக்குக் குறுக்க ஸ்கூட்டர் நின்னுது சார்."

பெருமாளுக்குப் புரியவில்லை. கைகள் அவர் தோளில் கனமாக இருந்தன.

"தங்கத்தாயம்மா தவறின அன்னைக்கு இந்தப் பிள்ளை அங்கன ஓடிச்சு. அப்பா ஸ்கூட்டரைக் கொண்டாந்து கேட்டுக்குக் குறுக்க நிறுத்தினாவ. ஒரு வார்த்தை பேசலை. அதுக்கு மேல என்ன பேசணும்? பெத்த தாய் முகத்தைப் பாக்காம திரும்பி வந்தா. இப்பவும் அதே ஸ்கூட்டர், அதே மாதிரி குறுக்க. அன்னைக்குன்னு பாத்து தாசில்தார் குளிக்க வரவும் இல்ல. கார்டைக் கண்டுபிடிச்சிட்டாவ, என்னைய உள்ள விடக்கூடாதுன்னு காவலுக்கு உக்காந்திருக்காவன்னு வந்து விழுந்து அழுதா."

பெருமாளுக்குத் தன் போர்டு ஞாபகம் வந்தது. வழக்கு கனடாவரை போய்விட்டது. நிறுவனம் ஒரு வழியாகச் சர்வதேசம் ஆகிவிட்டது. மாரி அதைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் குடை மடங்குகிற சத்தம்தான் கேட்டது.

*

திரும்பி வரும்போது ஸ்கூட்டர் கேட்டுக்குக் குறுக்கேதான் நின்றது. குற்றாலீஸ்வரன் வாசலில் நின்றார். பெருமாள் வழியெல்லாம் அறிக்கை தயார் செய்திருந்தார். 'தீவிர விசாரணையின் பேரில் தெரியவருவது யாதெனில்' என்று தொடங்குவது. வாயைத் திறந்தார்.

"நல்லா இருக்காளா?" என்றார் தாசில்தார்.

அறிக்கை வாயோடு நின்றது.

"அய்யாவுக்கு முந்தியே தெரியுமா?"

"அந்த எண்ணெய் தேய்க்கவன் கையி எனக்குத் தெரியாதா வேய்? வேற எவனாவது ரெண்டு மணி நேரம் தேய்ப்பானா? தோல் உரிஞ்சு எரியும். முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு அவன் என் மூஞ்சியைப் பாப்பான். இன்னும் கொஞ்சம் தேயும்னு நானும் கெடப்பேன்." உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "சாவி எதுக்குப் பெட்டியில கெடக்கு? மானிட்டர் எதுக்கு? நானா சுயசரிதை எழுதுதேன்? எவன் படிப்பான்? அந்தப் பழைய டப்பா முன்னால அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டு உக்காருவாளேன்னு அவளுக்கு வாங்கிப் போட்டேன். அவ என்னன்னா எனக்குன்னு நெனச்சு எழுத்தை யானை ஆக்கிட்டுப் போயிருக்கா."

"நேரா கூப்பிட்டிருக்கலாம்லா அய்யா?" மாரி கேட்டாள். கேலி இல்லை.

"கூப்பிட்டிருக்கலாம்." "கார்டைப் பாத்ததும் சரி, இனிமே ஒளிஞ்சு விளையாடினது போதும்னு தோணிச்சு. அந்தச் சனிக்கிழமை குளிக்கப் போகலை. அவளுக்கு முந்திரிக்கொத்துன்னா உசிரு. காலையிலயே போய் வாங்கிட்டு வந்து, சட்டை மாத்தி உக்காந்திருந்தேன். அன்னைக்கும் வரலை, இந்தச் சனிக்கிழமையும் வரலை. உடம்புக்கு எதுவுமான்னு யாருகிட்ட போய்க் கேக்க? மகளைக் காணலைன்னு மனு எழுத எனக்கு எந்த மூஞ்சி இருக்கு? அதான் கார்டைக் காணலைன்னு உம்மகிட்ட சொன்னேன். ஏன் வரலை வேய்?"

பெருமாள் பல வீடுகளில் சாவுச் செய்தி சொன்னவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இப்போது கழற்றத் தொப்பி இல்லை.

"முந்திரிக்கொத்து வாங்கிட்டு வந்து ஸ்கூட்டரை எங்கன நிறுத்தினிய?"

"அவசரத்துல அப்பிடியே கேட்டு முன்னால…"

சொல்லி முடிக்கவில்லை. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வழியாக ஸ்கூட்டர் தெரிந்தது. நிறுத்திப் பழகிய கை, பழகியபடியே நிறுத்தியிருந்தது.

மீதியை மாரி சொன்னாள். விமானம், கனடா, கடையில் இறங்கிய ஷட்டர். ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் பார்த்து மனுக்களைத் தள்ளுபடி செய்த மனிதர், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய கார்டு?"

"உங்க மகளே கொண்டு போயிட்டாவ. பெட்டியில போடாம, சேலைத் துணியில சுத்திக் கைப்பையிலயே வச்சுக்கிட்டாவளாம். விமான நிலையத்துல அவுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டப்போகூடக் கையை விட்டு விடலைன்னு நாறும்பூநாதன் மாமா சொன்னாரு."

"அது எதுக்கு? அது இனிமே எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆகாதே."

"காலேஜ் சேந்தப்போ நீங்க மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்ததாம்."

மானிட்டரில் அம்பு நடுவில் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. காத்தாடி இல்லாத கார்டு.

தாசில்தார் முதுகை நிமிர்த்தினார். "எழுதிக்கிடும் வேய்," என்றார், பழைய அலுவலகக் குரலில். "மனுதாரர் குறிப்பிட்ட மேற்படி பொருள் களவு போகவில்லை. விசாரணையில், அப்பொருள் அதற்கு உரியவர் வசமே உள்ளது எனத் தெரியவருகிறது. ஆகவே…"

ஆகவேக்கு அப்புறம் வரவில்லை. பெருமாள் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார். மை ஊறி ஒரு பொட்டாக விரிந்தது.

குற்றாலீஸ்வரன் எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டரைச் சுவரோரமாகத் தள்ளிப் போய் நிறுத்தினார். கேட்டை இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மீட்டர் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அன்று புதன்கிழமை.